புழு நெளியாத பக்கம்

டைப்பக்கா சுலபத்தில் யாரையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. காய் வாங்கப் போனால் தராசையே முறைத்துக்கொண்டு நிற்பாள். லிஃப்ட் கதவு மூடின பிறகும் பித்தானை இன்னொரு தடவை அமுக்குவாள். கணவர் "சாப்பிட்டாச்சு" என்றால் போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வருவாள். அப்பேர்ப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான். எழுத்துப் பிழை விட்டால் கம்ப்யூட்டர் அந்த வார்த்தைக்குக் கீழே இழுக்கிறதே ஒரு சிவப்பு நெளிகோடு, அதை. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் புழு.

மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் அவளுடைய ஆபீஸ். ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், திறந்தால் மூடாத ஒரு ஜன்னல். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் மைக்கில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்துத் திருப்பி அனுப்புவதுதான் தொழில். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார், குதிகாலால் அழுத்தினால் சொன்னதையே மறுபடி சொல்வார். "வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வாங்கணும்" என்று கணவரைப் பார்த்துக்கொண்டே சொல்வாள் டைப்பக்கா.

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? நேற்றைய ரிப்போர்ட்டைத் திறப்பாள், வேறு பெயரில் சேமிப்பாள், உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதியதை அடிப்பாள். தலைப்பு, ஓரம், எழுத்தின் அளவு எல்லாம் உட்கார்ந்த இடத்தில் வந்துவிடும். நேற்றையது அதற்கு முந்தின நாளுடையதிலிருந்து வந்தது, அது அதற்கும் முந்தினதிலிருந்து. வருஷக்கணக்காக ஒன்றிலிருந்து ஒன்று குட்டி போட்டுக்கொண்டே வந்திருந்தது. அடித்து முடித்ததும் பிழை பார்க்கிற பித்தானைத் தட்டுவாள். ஒரு சின்னப் பெட்டி வந்து, சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லும். அதற்குக் கீழே பொடியாக இன்னொரு வரியும் இருக்கும். அதையெல்லாம் யார் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்! 'சரி' என்பதைத் தட்டிவிட்டு, "பார்த்தியா, என் பக்கத்துல புழு நெளியாது" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வாள்.

இதைக் கேட்டுக்கொண்டு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவள் சின்னவள். கொழுந்தனின் மனைவி, டைப்பக்காவுக்கு ஓரகத்தி. கல்யாணமான கையோடு கொழுந்தன் வந்து, "அண்ணி, இவளையும் உங்ககூட சேர்த்துக்குங்களேன், வீட்ல சும்மா உட்கார்ந்து என்ன பண்ணப் போறா" என்று கேட்டான். முகத்தில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சேர்த்துக்கொண்டாள். மனசு மட்டும் அன்றைக்கே ஒப்பவில்லை.

வந்த முதல் வாரமே சின்னவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கீழே மருந்துக்கடைக்காரர் ஏதோ காகிதம் பிரிண்ட் எடுக்க வந்து நின்றிருந்தார். சின்னவள் டைப்பக்காவின் திரையை எட்டிப் பார்த்து, "அக்கா, இதுல மூணாவது வரியில ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள்.

"என்ன வார்த்தை?"

"எழுத்து பிசகியிருக்கு அக்கா."

"பிசகியிருந்தா புழு வந்திருக்குமே? வந்திருக்கா? காட்டு பார்ப்போம். நேத்து வந்த நீ பெரிசா, கம்ப்யூட்டர் பெரிசா?"

மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்காமல் ஹஹ்ஹா என்று சிரித்துத் தொலைத்தார். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கு அப்புறம் சில நாள் டைப்பக்கா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவளும் அதோடு மற்றவர் திரையை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் டைப்பக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடித்த ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வருவது சின்னவள் வேலை. அங்கே ரெக்கார்டு ரூம் மேடத்துக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. போனில் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "சின்னவங்க இருக்காங்களா?" என்பதுதான். டைப்பக்காவுக்கு மூக்கில் வியர்க்க ஆரம்பித்தது. ஆபீஸுக்கு இருப்பது அந்த ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அந்த வேலை கைமாறினால் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். இவள் என்ன, நைஸாகப் பேசிப் பேசி வேலையைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறாளோ?

இந்த யோசனை ஒரு தடவை உள்ளே நுழைந்ததும், பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே வந்து நின்றது. சின்னவள் போனில் மெதுவாகப் பேசினால் அது ரகசியம். சத்தமாகப் பேசினால் அது நடிப்பு. மதியம் டைப்பக்கா தெருக்கோடியில் இருக்கிற வீட்டுக்குச் சாப்பிடப் போவாள், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். சின்னவள் மட்டும் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து ஆபீஸிலேயே சாப்பிடுவாள். "வாயேன், வீட்ல உட்கார்ந்து நிம்மதியா சாப்பிடலாம்" என்று கூப்பிட்டாலும் வரமாட்டாள். ஏன் வரமாட்டாள்?

ஒருநாள் போனை மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தாள் டைப்பக்கா. மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினால், தன்னுடைய நாற்காலியில் சின்னவள். காதில் ஹெட்போன், காலடியில் மிதி, கண் திரையில். ஆளைப் பார்த்ததும் பதறிப்போய் ஜன்னலை மூடினாள். கம்ப்யூட்டர் ஜன்னலைத்தான் சொல்கிறேன், மற்றது மூடாது என்றுதான் முன்னாலேயே சொன்னேனே.

"இங்க என்ன பண்றே?"

"பிரிண்டருக்குப் பேப்பர் போட வந்தேன் அக்கா."

"பேப்பரைக் காதுல மாட்டிக்கிட்டா போடுவாங்க?"

சின்னவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்து போய்த் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சாப்பாடு கை படாமல் அப்படியே இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனிமேல் என்ன? அன்று சாயங்காலமே டைப்பக்கா தன் கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டாள். என்ன வார்த்தை வைக்கலாம் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கை தானாகவே ஆங்கில எழுத்தில் 'திருடி' என்று அடித்தது. தினமும் காலையில் எதிரே சின்னவளை உட்கார வைத்துக்கொண்டே அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி உள்ளே போவாள். திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்! அந்தப் புள்ளிகளைப் பார்க்கிறபோது ஒரு அல்ப திருப்தி.

அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது வினை.

ரெக்கார்டு ரூம் மேடம் போன் பண்ணினாள். இந்தத் தடவை சின்னவளைக் கேட்கவில்லை.

"என்னம்மா ரிப்போர்ட் அனுப்பறீங்க? எலும்பு டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு பேஷன்ட் சத்தமா வாசிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கார். டாக்டர் இங்க வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கறார். ஒண்ணு ரெண்டு இல்லை, ஒரு கட்டே திரும்பி வருது. எல்லாமே நீங்க அடிச்சது. சின்னவங்க அடிச்சதுல ஒண்ணுகூட இல்லை."

கடைசி வாக்கியம்தான் டைப்பக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்றுகூட இல்லையாமே! அது எப்படி? ஒரே ஆபீஸ், ஒரே மாதிரி வேலை, ஒரே டாக்டர். இவள் ரிப்போர்ட் மட்டும் சுத்தம், என்னுடையது மட்டும் குப்பையா?

திரும்பி வந்த ரிப்போர்ட் ஒன்றைத் திறந்தாள். மேடம் சொன்னது நிஜம்தான். இரண்டாவது பத்தியில் ஒரு வார்த்தைக்கு வாலே இல்லை. அதற்குக் கீழே இன்னொன்றில் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஆனால் புழு இல்லை. ஒரு புழுகூட இல்லை! பக்கம் கழுவி விட்ட தரை மாதிரி பளிச்சென்று இருந்தது.

டைப்பக்கா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்றே அதே பக்கத்தில் கன்னாபின்னாவென்று எதையோ அடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கமுக்கமாக இருந்தது. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து அதே கன்னாபின்னாவை அங்கே அடித்தாள். உடனே சிவப்புப் புழு துள்ளிக்கொண்டு வந்தது. அப்படியானால் மெஷினில் கோளாறு இல்லை. ரிப்போர்ட்டுக்குள்தான் யாரோ கையை வைத்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்கவும் வேண்டுமா? பாஸ்வேர்ட் போடுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கிறாள். நான் பூட்டினது வெறும் வீட்டை.

மறுநாள் காலையில் திருப்புளியை வரச் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ ஸ்க்ரூ கழற்றுகிற திருப்புளி இருக்கும், அதனால் அந்தப் பேர். நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் ஓயாது. உட்கார்ந்ததும் முதலில் அகராதியைப் பார்த்தார். தப்பான வார்த்தை எதையாவது சரி என்று யாராவது சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று தேடினார். இல்லை. மொழி மாறிக் கிடக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. பிழை காட்டாதே என்று மொத்தமாக நிறுத்தி வைத்திருக்கிறார்களா? அதுவும் இல்லை.

"நல்லா பாருங்க. யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க" என்றாள் டைப்பக்கா. யாரோ என்கிறபோது கண் எதிர் மேசைக்குப் போய்விட்டு வந்தது. சின்னவள் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திருப்புளி ரிப்போர்ட் முழுவதையும் தேர்வு செய்து, உள்ளே உள்ளே போய் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். "இதோ! இந்த எழுத்துல பிழையே பார்க்காதேன்னு டிக் பண்ணி வச்சிருக்கு. நீங்க சரிபார்க்கறப்ப பெட்டிக்குக் கீழே பொடி எழுத்துல வருமே, சில பகுதிகளைப் பார்க்கலை, விட்டுட்டேன்னு? அது இதைத்தான் சொல்லுது."

"அது தானா விழுமா?"

"தானா எப்படிம்மா விழும்? யாரோ வேணும்னே பண்ணினாத்தான்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது டைப்பக்காவுக்கு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கேட்டுக்கிட்டியா? வேணும்னே பண்ணினாத்தானாம். என் சாப்பாட்டு நேரம் பார்த்து, என் நாற்காலியில உட்கார்ந்து, என் வேலையில மண்ணைப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி எதிர்ல உட்கார்ந்திருக்கே! உனக்கு இந்த வேலை வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

"அக்கா, நான் உங்க மெஷின்ல என்ன பண்ணினேன்னா..."

"எதுவும் சொல்லாதே! உன் கதை எதுவும் எனக்கு வேண்டாம்."

திருப்புளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் அவரை ஒரு தடவை பார்த்தாள், டைப்பக்காவை ஒரு தடவை பார்த்தாள். என்னவோ சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்ததே தவிர அழவில்லை. "நான் வரேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

டைப்பக்கா மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கொழுந்தன் வந்து கேட்பான். கணவரும் கேட்பார். இரண்டு பேருமே சின்னவள் பக்கம்தான் பேசுவார்கள், தெரியாதா? கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

"இந்த டிக்கை எப்ப போட்டான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"பழைய ரிப்போர்ட்டை ஒண்ணொண்ணா திறந்து பார்த்தா, எதுலேர்ந்து ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சிடும்" என்றார் திருப்புளி.

போன மாதத்து ரிப்போர்ட்டைத் திறந்தார். டிக் இருந்தது. போன வருஷத்தது. அதிலும் இருந்தது. அதற்கு முந்தின வருஷத்தது. டைப்பக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அப்போது சின்னவளைப் பெண் பார்க்கவே போயிருக்கவில்லையே? இன்னும் பின்னால் போகச் சொன்னாள். திருப்புளி போய்க்கொண்டே இருந்தார். எல்லாவற்றிலும் அந்தப் பாழாய்ப்போன டிக். கடைசியில், எல்லா ரிப்போர்ட்டுக்கும் தாயான ஒன்று வந்தது. எலும்பு டாக்டருக்கு முதன்முதலாக அடித்தது. அதற்கு முந்தின பக்கங்களில் டிக் இல்லை, பக்கமெல்லாம் ஒரே புழு.

இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திருப்புளிதான் முதலில் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, எனக்கு ஞாபகம் வருது. எலும்பு டாக்டர் கோபிச்சுக்கிட்டாருன்னு நீங்கதானே என்னைக் கூப்பிட்டீங்க?"

டைப்பக்காவுக்கும் வந்தது. எலும்பு பேர், மருந்து பேர் எதுவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் டாக்டருடைய பக்கம் முழுக்கச் சிவப்பு. அதைத் திரையில் பார்த்துவிட்டு அவர், "நான் சொன்னது தப்புன்னு சொல்ல இந்த மெஷின் யாரு? எந்தக் காலேஜ்ல படிச்சது?" என்று கத்தினார். டைப்பக்கா பயந்துபோய்த் திருப்புளியை வரவழைத்து, "இவர் ரிப்போர்ட்ல மட்டும் சிவப்பு வராம பண்ணிக் குடுங்க" என்று கேட்டாள். அவர் பண்ணிக் கொடுத்தார். மறுநாள் அவள் அதையே திறந்து, வேறு பெயரில் சேமித்து, அடுத்ததை அடித்தாள். அதிலிருந்து அடுத்தது. அதிலிருந்து அதற்கடுத்தது.

அடக் கடவுளே! இத்தனை வருஷமாகப் புழு செத்துக் கிடந்திருக்கிறது. அவள்தான் தன் கை சுத்தம் என்று உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஆனாலும் டைப்பக்கா லேசில் விடுகிறவளா? "சரி, டிக் அவ போடலை, ஒத்துக்கறேன். ஆனா என் நாற்காலியில உட்கார்ந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தா? இத்தனை நாள் வராத தப்பு இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்தது? அதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.

"அதையும் பார்த்துடலாம். மதியம் நீங்க எழுந்து போறப்ப, எல்லாத்துக்கும் ஒரு நகல் இந்த வெளி டிஸ்க்ல தானா போய் உட்காரும். நான்தான் வச்சுக் குடுத்தேன். அந்த நகலையும் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் ஒப்பிட்டுப் பார்த்தா, நடுவுல என்ன மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டரே கோடு போட்டுக் காட்டும்."

"போடுங்க. என்ன மாத்தினான்னு நானும் பார்க்கறேன்."

டைப்பக்கா மேசை இழுப்பறையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண் மங்க ஆரம்பித்து, சின்னவள் வந்து சேர்ந்த சமயத்தில்தான் கண் டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். போட்டால் வயசு தெரிகிறது என்று உள்ளேயே போட்டு வைத்திருந்தாள். இன்றைக்குத் திருடியைப் பிடிக்க வேண்டும், போட்டுத்தான் ஆக வேண்டும்.

திரையில் இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாக வந்தன. நீக்கின வார்த்தைகளின் மேல் கோடு, பக்கத்திலேயே மாற்றிப் போட்ட வார்த்தைகள். டைப்பக்கா குனிந்து பார்த்தாள். கோடு விழுந்திருந்த வார்த்தைக்கு ஒரு எழுத்து குறைந்திருந்தது. பக்கத்தில் மாற்றிப் போட்டது சரியாக இருந்தது. அடுத்ததைப் பார்த்தாள். கோடு விழுந்தது தப்பு, மாற்றினது சரி. அதற்கடுத்தது. ஒரு இடத்தில் டாக்டர் சொன்ன ஒரு வரியே விட்டுப்போயிருந்தது. அதையும் கேட்டுச் சேர்த்திருந்தது. ஹெட்போன் எதற்கு என்று இப்போது புரிந்தது.

"அடுத்தது" என்றாள்.

அடுத்தது. அதற்கடுத்தது. முந்தின மாதம், அதற்கும் முந்தின மாதம். டைப்பக்கா அடித்த ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மதிய நேரத்தில் யாரோ நிதானமாக உட்கார்ந்து தப்பையெல்லாம் பொறுக்கி எடுத்திருந்தார்கள். பாஸ்வேர்ட் போட்ட நாள்வரைக்கும். அதற்கப்புறம் நகலும் போனதும் ஒன்றுபோலவே இருந்தன. தொட ஆள் இல்லை.

திருப்புளி மெதுவாகத் தன் பையை மூடினார். "நான் வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய் ஓயாத மனுஷர் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

டைப்பக்காவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்து என் குப்பையைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். என் மானம் போகக்கூடாது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று காலையில்கூடத் திருப்புளி எதிரில் சொல்ல மனசு வராமல் விழுங்கிக்கொண்டு போனாள். அவளைப் போய்! போனை எடுத்தாள், வைத்தாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

யோசிக்கவும் நேரம் கிடைக்கவில்லை. ரெக்கார்டு ரூமிலிருந்து போன் வந்தது, உடனே நேரில் வரச் சொல்லி.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் திரும்பி வந்த கட்டை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் பக்கத்தில் நின்றாள். டைப்பக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. "தப்பு முழுக்க என்னோடது சார். எனக்குக் கண்ணு சரியில்லை, அதை ஒத்துக்காம இருந்துட்டேன்" என்றாள். டாக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. கத்துவதற்காக எடுத்து வைத்திருந்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தார்.

மேடம்தான் சொன்னாள்: "இன்னிக்கு எங்க ரெக்கார்டு ரூம் மூடறதுக்குள்ள எல்லாம் திருத்தி மெயில்ல வந்துடணும். வந்தா வேலை உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வேற இடம் பார்த்துக்கறோம். நீங்க இங்கேயே இருங்க, டாக்டருக்கு எதெதுல சந்தேகம்னு கூட உட்கார்ந்து கேட்டுக்கணும்."

இங்கே உட்கார்ந்தால் அங்கே யார் திருத்துவது? டைப்பக்கா வராந்தாவுக்கு வந்து சின்னவள் நம்பரைப் போட்டாள். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சின்னவளே, எங்க இருக்கே?"

"ஆபீஸ்லதான் அக்கா. சாவி என்கிட்டயே இருந்தது. குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க இல்லை."

டைப்பக்கா படபடவென்று கொட்டினாள்: "நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன்ம்மா. மதியத்துல நீ பண்ணினது எல்லாத்தையும். நான் பாவி, உன்னை என்ன பேச்சுப் பேசிட்டேன்! ஏன்ம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

மறுமுனையில் சாவியை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"முதல் வாரம் சொன்னேனே அக்கா. அப்புறம் நீங்க என்கூடப் பேசவே இல்லை."

உள்ளேயிருந்து மேடம் கையைக் காட்டினாள், டாக்டர் காத்திருக்கிறார் என்று. டைப்பக்கா அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"உட்கார்ந்துட்டேன் அக்கா. பாஸ்வேர்ட் கேக்குது. என்ன?"

ஐயோ, பாஸ்வேர்ட்! இதை டைப்பக்கா மறந்தே போயிருந்தாளே! நான் வந்து போடுகிறேன் என்று சொல்லலாமா? போய்ச் சேர்வதற்குள் ரெக்கார்டு ரூமே மூடிவிடும். வேறு என்ன சொன்னாலும் பூட்டு திறக்காது. தினமும் காலையில் இனிக்க இனிக்கத் தட்டின வார்த்தை, இப்போது நாக்கில் ஏற மறுத்தது.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா. எழுத்து எழுத்தா சொல்றேன். இங்கிலீஷ்ல அடி. டி."

"டி."

"ஹெச்."

"ஹெச்."

"ஐ."

"ஐ."

"ஆர்."

"ஆர்."

"யூ."

சின்னவள் திருப்பிச் சொல்லவில்லை. டைப்பக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் ரெண்டு எழுத்து இருக்கும்மா" என்றாள்.

"தெரியும் அக்கா."

எழுத்தைத் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.

"திறந்துடுச்சு" என்றாள் சின்னவள்.

"என்னை நாலு திட்டாவது திட்டிடும்மா. இப்படிச் சும்மா இருக்காதே."

"ரிப்போர்ட்டைத் திறக்கறேன் அக்கா, லைன்ல இருங்க."

டைப்பக்கா லைனில் இருந்தாள். வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. போனில் மிதியின் சத்தம் கேட்டது, டாக்டரின் குரல் பொடியாகக் கேட்டது, நின்றது, மறுபடி அதையே சொன்னது. பிறகு சின்னவளின் குரல் வந்தது.

"அக்கா, இதுல மூணாவது வரியில ஒரு வார்த்தை..."

சொல்ல வந்ததை முடிக்காமல் அப்படியே நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"மாத்தும்மா" என்றாள் டைப்பக்கா.